காந்தாவின் வெயில் பேண்ட்

பழவேற்காடு கடைத்தெருவில் என் தையல் கடை இருக்கிறது. ஜாக்கெட், சுடிதார், புர்கா, பள்ளிக்கூட யூனிஃபார்ம், படகுத் தார்ப்பாய்க்கு ஓரம் மடிப்பது என்று எது வந்தாலும் தைப்பேன். லத்தீபாவுக்குக் கத்திரி நீளம், வாய் அதைவிட நீளம் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எதையாவது பார்த்து லேசில் வாயைப் பிளக்கிற ஆள் இல்லை நான். காந்தா விஷயத்தில் மட்டும் பிளந்த வாயை இன்னும் மூடவில்லை.

காந்தா பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரி. நாற்பதை நெருங்குகிறாள். புருஷன் தேசப்பன் ஏரியில் வலையும் நண்டுப் பொறியும் போடுகிறவர். குப்பத்துக்காரர்கள் பிடிக்கிற சேற்று நண்டுகளை எல்லாம் சேர்த்து, உயிரோடு சென்னைக்குக் கொண்டுபோய் ஏற்றுமதிக் கம்பெனியில் கொடுப்பது காந்தாவின் வேலை. உயிரோடு இருந்தால்தான் அதற்குப் பெயர் நண்டு. செத்துவிட்டால் சீந்த ஆள் கிடையாது. காலையில் பொறியைத் தூக்கி, ஒவ்வொரு நண்டின் கொடுக்கையும் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கூடையில் அடுக்குவதற்குள் வெயில் ஏறிவிடும். ஊரே நிழல் தேடுகிற நேரத்தில்தான் அவள் கிளம்ப முடியும். விடியற்காலைக் குளிரில் போய்விட்டு வந்துவிடலாமே என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. நண்டு அந்த நேரத்தில் ஏரிக்குள் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது.

முதலில் பஸ்ஸில்தான் கொண்டுபோனாள். ஒருநாள் கட்டு அவிழ்ந்த நண்டு ஒன்று முன்சீட்டுக்காரரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் கூடையையும் அவளையும் சேர்த்து நடுவழியில் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு தன் தம்பி முனியனின் பழைய மோட்டார் சைக்கிளைக் கேட்டு வாங்கி, கடற்கரை மணலில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினாள். ஸ்கூட்டி என்று நினைத்துவிட வேண்டாம். கியர் போட்டு, கிளட்ச் பிடித்து ஓட்டுகிற வண்டி. ஷேர் ஆட்டோவில் ஏறினாலே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறவள் நான். இரண்டு பக்கமும் கூடை தொங்க, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு அவள் என் கடை வாசலைத் தாண்டிப் போகும்போது, மிஷினை நிறுத்திவிட்டு அந்தப் புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன சித்திரையில் விழுந்தாள். திருப்பாலைவனத்துக்கு இந்தப் பக்கம், திருப்பத்தில், ரோட்டின் மேல் வைக்கோலைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். போகிற வருகிற வண்டி மிதித்து மிச்ச நெல் உதிரட்டும் என்ற கெட்டிக்காரத்தனம். வைக்கோலில் சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கம் போக, அவள் வலது காலைத் தேய்த்துக்கொண்டே ஒரு பக்கம் போனாள். கூடை உடைந்து நண்டெல்லாம் ரோட்டில். ஓடி வந்தவர்களிடம், "காலு எங்கியும் போவாது, நண்ட புடிங்க," என்றாளாம். குப்பத்தில் இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

சுடிதாருக்குக் கீழே நைலான் லெக்கின்ஸ் போட்டிருந்தாள். தார் ரோட்டில் உரசின சூட்டில் அது உருகி, சதையோடு சதையாக ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அதைப் பிய்த்து எடுத்தபோது பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தேசப்பன். இடது தொடையிலிருந்து தோலை எடுத்து வலது காலில், தொடை நடுவிலிருந்து முட்டிக்குக் கீழே வரை, ஒட்டுப்போட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தபடி நாள் தவறாமல் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டது அவர்தான். தானாக ஒரு டீ போட்டுக் குடித்து அறியாத மனிதர். ஒட்டுப்போட்ட தோல் பழைய தோல் மாதிரி இருக்காது, வெயிலும் ஆகாது, உரசலும் ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே தேசப்பன் சொல்லிவிட்டார்.

"நீ இனிமே வண்டில குந்தக் கூடாது. குந்தினனு தெரிஞ்சிது, நான் ஏரில எறங்க மாட்டேன்."

அதட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் காந்தாவுக்கு பயம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் வண்டியைச் சுவரோரம் சாத்தி, பழைய வலை ஒன்றைப் போட்டு மூடி, சுற்றிலும் முடிச்சுப் போட்டுக் கட்டினார். சாவியை இடுப்பு அரைஞாணில் கோத்துக்கொண்டார்.

அதன் பிறகு நண்டு எடுக்க வேன்காரன் வந்தான். அவன் சுண்ணாம்புக்குளம் வரை போய், வழியில் ஊர் ஊராக நின்று, வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் சென்னைப் பக்கம் திரும்புவான். வேனுக்குள் பாதி நண்டு செத்துவிடும். செத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிட்டுப் போவான். குப்பத்துப் பெண்கள் காந்தாவிடம் வந்து நிற்பார்கள். அவள் காலை நீட்டி உட்கார்ந்து, செத்த நண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பாள். ஓடியாடின உடம்பு. ஆறேழு மாதத்தில் அவள் முகமே மாறிவிட்டது.

கால் நன்றாக நடக்க வந்த பிறகு ஒருநாள் புருஷனிடம் பேச்சை எடுத்தாள். அவர் வலையை விட்டுத் தலையைத் தூக்காமல் பதில் சொன்னாராம்.

"அந்தத் தோல நீ மேல பாத்துகினு கீற. நான் உள்ள பாத்தவன். ரோடு உள்ள வராம, காத்து மட்டும் உள்ள வர்ற துணி எதுனா இருந்தா கொண்டா. அப்ப பேசலாம்."

நடக்காது என்பதை அவர் அப்படிச் சொன்னார். காந்தா அதை நிபந்தனையாக எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள்.

"ரோட்ட தடுக்கறது கெட்டித் துணி. காத்த உடறது மெல்லிசுத் துணி. ரெண்டும் ஒண்ணுல வராது காந்தா. தையக்காரி சொல்றேன், கேட்டுக்க," என்றேன்.

"நீ தச்சதில்லனு சொல்லுக்கா. இல்லனு சொல்லாத," என்றாள்.

முதலில் முனியன், காட்டுப்பள்ளிக் கப்பல்கட்டும் தளத்தில் கான்ட்ராக்டில் வேலை செய்கிறவன், அங்கே வெல்டிங் வேலைக்குப் போடுகிற பேண்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். தடிமனான காடாத் துணி. தனியாக நிறுத்தி வைத்தால் நிற்கும். காந்தா அதைப் போட்டுக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உச்சி வெயிலில் கால் விரித்து உட்கார்ந்தாள். சென்னை போகிற வழியில் பொன்னேரி போய்ச் சேருகிற நேரம் உட்கார்ந்து தாங்க முடிந்தால் சரி என்பது அவள் கணக்கு. கொஞ்ச நேரத்தில் கண் சொருகிப் பக்கவாட்டில் சாய்ந்தாள். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தேசப்பன் வந்து ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கடை வாசலில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சென்னையிலிருந்து வாரக்கடைசியில் கூட்டமாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, நண்டு வறுவல் தின்று, ஏரியைப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவர்களில் ஒரு பெண், வித்யா என்று பெயர். பேண்டின் ஜிப் பிடுங்கிக்கொண்டது, தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். என் நைட்டியைக் கொடுத்துத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, பேண்டை வாங்கி மேஜை மேல் போட்டேன்.

உள்பக்கம் திருப்பிப் பார்த்தவுடன் எனக்கு ஜிப் மறந்துபோனது. சாம்பல் நிறம். தொடையின் முன்பக்கமும் கெண்டைக்காலும் வலை மாதிரி ஓட்டை ஓட்டையான துணி. கையை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிறது. ஆனால் இழுத்தால் அசையவில்லை. முட்டி, இடுப்பு, உட்காருமிடம் இங்கெல்லாம் கெட்டித் துணி, ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று வரிசைத் தையல். முட்டியிலும் இடுப்பிலும் உள்பை வைத்து, அதற்குள் ரப்பர் மாதிரி ஒரு தடுக்கு. முட்டிக்கு மேலே மட்டும் மடிப்பு மடிப்பாக ஒரு பட்டை. காலை மடக்கும்போது அது விரியும், நீட்டும்போது சுருங்கும். எவனோ ஒரு தையல்காரன் மனுஷக் கால் எங்கே மடங்கும், எங்கே தேயும், எங்கே வேர்க்கும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறான். இத்தனை வருஷம் நான் தைத்ததெல்லாம் நிற்கிற ஆளுக்குத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

காந்தாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவள் பேண்டைப் பார்க்கவில்லை. அதன் வலது முட்டிக்குப் பக்கத்தில் துணி கறுத்துத் தேய்ந்து கிடந்த ஓர் இடத்தைப் பார்த்தாள்.

"இது இன்னா?"

"நெல்லூர் ரோட்ல விழுந்தேன்க்கா," என்றாள் வித்யா. "கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போச்சு."

"உன் காலு?"

வித்யா நைட்டியை முட்டிவரை தூக்கிக் காட்டினாள். காந்தா தரையில் உட்கார்ந்து அந்த முட்டியைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் கிடையாது.

"தழும்ப பேண்டு வாங்கிகிச்சா," என்றாள்.

காந்தா தன் சுடிதாரை விலக்கி வலது காலைக் காட்டினாள். வித்யா ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். பிறகு கூட வந்தவர்கள் ஹாரன் அடித்துக் கூப்பிட்டதையும் பொருட்படுத்தாமல் உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். மழைக்கென்று உள்ளே ஒரு படலம் வைத்திருப்பார்கள், அதைக் கழற்ற முடியாத பேண்டை வாங்கவே கூடாது, வெயிலில் வெந்துவிடும். உள்ளே நைலான் ஆகாது, பருத்திதான். கறுப்பு வேண்டாம்.

"முக்கியமா, அளவ நின்னுட்டுப் பாக்காதீங்கக்கா. வண்டில உக்காந்து பாருங்க. நிக்கும்போது முட்டில இருக்கற பேடு, உக்காந்தா எடம் மாறிடும்," என்றாள்.

கடை விலாசமும் கொடுத்தாள். காந்தாவும் நானும் பஸ் ஏறிச் சென்னைக்குப் போனோம்.

கடைப் பையன் மரியாதையானவன். லேடீஸ் சைஸ் அதிகம் வருவதில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே எடுத்துப் போட்டான். தோல் பேண்டைப் பார்த்ததும் காந்தா தலையை ஆட்டிவிட்டாள். உள்ளே ஏதோ கெட்டி நூல் வைத்துத் தைத்த ஜீன்ஸ் ஒன்று. முழுக்க வலைத்துணியாகவே ஒன்று. கெட்டியும் வலையும் கலந்தது ஒன்று. காந்தா ஒவ்வொன்றிலும் வாயை வைத்து ஊதி, மறுபக்கம் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வெளியே போய், வாசலில் வெயிலில் நின்ற அந்தப் பையனுடைய வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடியில் ஊற்றினாள். பையன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான்.

"நண்டுத் தண்ணி கால் மேல சொட்டிகினே வரும். அது எங்க போவுதுனு பாக்கறா," என்றேன்.

ஜீன்ஸ் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போனது. அதை நாங்களே துடைத்துக் காயவைத்துக் கொடுத்தோம். முழு வலை பேண்டில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிட்டது, ஆனால் காந்தா அதன் இடுப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "இதுல ரோடும் வந்துரும்," என்று கழற்றிவிட்டாள். கலந்து தைத்ததைப் போட்டுக்கொண்டு மறுபடி வண்டியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். இடது கால் கியரைத் தேடிக் கீழே மேலே போனது. வலது கால் அவ்வப்போது பிரேக்கில் அழுந்தியது. உடம்பு லேசாக இப்படியும் அப்படியும் சாய்ந்தது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து தாடையில் சொட்டியது.

பயந்துபோய்ப் பக்கத்தில் போனேன். "காந்தா, இன்னா பண்ற?"

"பொன்னேரி தாண்டிட்டேன். பேச்சு குடுக்காத," என்றாள்.

நின்ற வண்டியில், சென்னை வெயிலில், அவள் பழவேற்காட்டிலிருந்து புறப்பட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். விழுந்த திருப்பத்தையும் அந்த மூடின கண்ணோடு தாண்டியிருக்கிறாள். கடைப் பையனும் நானும் அவள் சென்னை வந்து சேரும்வரை வெயிலில் பக்கத்தில் நின்றோம். நிழலுக்குப் போக இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

கண்ணைத் திறந்து, "இதான்," என்றாள்.

"எவ்ளோ வருஷமா ரைடு போறீங்கக்கா?" என்று பையன் கேட்டான்.

"ரைடெல்லாம் தெரியாது. நண்டு எடுத்துகினு போவேன்."

ஆம்பளை அளவு என்பதால் இடுப்பு தளர்ந்திருந்தது. தடுக்கு வைத்த மூட்டுகளைத் தொடாமல், பின்பக்கம் மட்டும் பிரித்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அந்தத் தையலை நான் யாருக்கும் அவ்வளவு நிதானமாகப் போட்டதில்லை.

மறுநாள் காந்தா பேண்டைக் கொண்டுபோய்ப் புருஷன் கையில் கொடுத்தபோது நானும் கூடப் போயிருந்தேன். தேசப்பன் படகு நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். கிழிந்த கண்ணிகளை ஊசியும் நூலுமாக மறுபடி முடிச்சிட்டுச் சேர்க்கிற வேலை. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முட்டித் தடுக்கைக் கட்டைவிரலால் அழுத்தினார். இடுப்பை அழுத்தினார். பிறகு வலது தொடையின் வலைத்துணியில் சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார்.

"இங்க கெட்டி. இங்க கெட்டி. இங்க வெறும் கண்ணிதான் கீது."

"அது காத்துக்குய்யா," என்றாள் காந்தா.

"காத்துக்குத்தான். தெரியுது." பேண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இருக்கட்டும் எங்கிட்ட."

மறுநாள் அவர் ஏரிக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. சமையல் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று காந்தா என் கடையில் வந்து சொன்னாள். அவர் சொன்ன சொல் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நீ வண்டியில் குந்தினால் நான் ஏரியில் இறங்க மாட்டேன்.

"கடையில அந்த வண்டில குந்தினது தெரிஞ்சிருக்குமோ? பேண்ட அறுத்துப் போட்டுட்டாரோ என்னமோ. கேக்கவே பயமா கீதுக்கா," என்றாள். பிறகு, "காலு போனப்பக்கூட நான் அழுவல. வண்டி இல்லாம நான் யாருனே தெரிலக்கா," என்று சொல்லி அழுதாள். தண்ணீர் கொடுத்தேன்.

அவள் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் தேசப்பனே என் கடைப் படியேறினார். அதுவரை அவர் என் கடைக்குள் வந்ததில்லை. பேப்பரில் சுற்றின பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார். நான் பிரித்தேன்.

வலது தொடையின் வலைத்துணி மேல், வெளிப்பக்கமாக, இன்னொரு வலை இருந்தது. மீன் வலைக்குப் போடுகிற கெட்டி நைலான் நூலில், அரிசி அரிசியாகக் கண்ணி விட்டு, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாக முடிச்சிட்டு, ஓரத்தைத் துணியின் தையலோடு சேர்த்துக் கோத்திருந்தார். ஒளியில் பிடித்தேன். கண்ணிக்குள் கண்ணியாக வெளிச்சம் வந்தது. வாயை வைத்து ஊதினேன். மறுபக்கம் காற்று வந்தது. ஆனால் அந்த வலைக்கு ஒழுங்கான உருவம் இல்லை. மேலே குறுகி, நடுவில் ஒரு பக்கம் மட்டும் வயிறு தள்ளி, முட்டிக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து கீழே இறங்கியது. என்னடா இது கோணலாக என்று யோசித்தேன். பிறகுதான் புரிந்தது.

அது காந்தாவின் தழும்பு. அளவெடுக்கவில்லை, அவள் காலைப் பார்த்துப் போடவில்லை. கழுவிக் கழுவிக் கட்டின கைக்கு மனப்பாடமாகியிருந்த வடிவம், அதே இடத்தில், அதே நீளத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது. கம்பெனிக்காரன் போட்ட தையலைவிட இந்த நூல் அவளை அதிகம் காப்பாற்றுமா என்று எனக்குத் தெரியாது. நான் அறிந்த எந்தத் தையலிலும் அப்படி ஒன்று இல்லை என்பது மட்டும் தெரியும்.

காந்தா அதை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். போட்டுக்கொண்டு வந்தாள். வலது கால் விறைத்து நின்றது. மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை. முட்டிக்கு மேலே விரிந்து சுருங்க வேண்டிய மடிப்புப் பட்டையின் மேலும் தேசப்பன் இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டிருந்தார்.

அவர் முகம் வாடிவிட்டது. "பலக மேல விரிச்சிப் போட்டுப் பொத்தினேன். வலைய அப்பிடித்தானே பொத்துவோம்," என்றார்.

நான் சின்னக் கத்திரியை எடுத்தேன். "அந்தப் பட்ட மேல மட்டும் வெட்டி உட்டுர்றேண்ணா."

காந்தா கையால் அதை மூடிக்கொண்டாள். "கத்திரி வைக்காதக்கா." பிறகு புருஷனைப் பார்த்தாள். "யோவ், வலைன்னா தரைல போட்டுப் பொத்தலாம். காலு மடங்குற எடத்த மடக்கி வெச்சிதான் பொத்தணும்."

என் ஸ்டூலில் உட்கார்ந்து, முடிந்தவரை மடக்கிக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"வண்டில இப்பிடித்தான் மடங்குமா?"

"இல்ல. அது வேற மாதிரி."

தேசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை இடுப்பில் சாவி இருந்த இடத்துக்குப் போய் நின்றது. "வா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். பார்க்காமல் இருக்க முடியுமா?

சுவரோரம் வண்டி பழைய வலைக்குள் கிடந்தது. கத்தியால் அறுத்தால் ஒரு நொடி. அவர் உட்கார்ந்து, தான் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் அவிழ்த்தார். வலையை உருவிச் சுருட்டி ஓரமாக வைத்தார். சீட்டைத் தோள் துண்டால் துடைத்தார். ஊசியில் நூல் ஏற்றிக்கொண்டு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"குந்து," என்றார்.

காந்தா அசையவில்லை. காதில் விழாத மாதிரி நின்றாள்.

"வண்டி மேல ஏறி குந்துமே. காலு மடங்குனாதான பொத்த முடியும்."

அவள் இடது காலை ஊன்றி, விறைத்த வலது காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தாள். தேசப்பன் அந்தப் பட்டையின் மேல் இருந்த முடிச்சுகளை மட்டும் அவிழ்த்துவிட்டு, அவள் முட்டியை மடக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி பொத்த ஆரம்பித்தார். இந்தத் தடவை நூலுக்குத் தளர்ச்சி விட்டுப் போட்டார். "மடக்கு" என்பார், மடக்குவாள். "நீட்டு" என்பார், நீட்டுவாள். குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து சுற்றி நின்றார்கள்.

கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"காத்து வருதா?"

"நிக்கிற வண்டில எங்கேந்துய்யா காத்து வரும்," என்றாள் காந்தா.

அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். பிறகு அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்தார். வண்டியில் மாட்டிக் கிடந்த ஹெல்மெட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டாள்.

வருஷம் முழுக்க நின்ற வண்டி உதைக்கு மசியவில்லை. தேசப்பன் எழுந்து பின்னால் போய்த் தள்ளினார். நானும் புர்காவைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஒரு கை கொடுத்தேன். மணலில் கால் புதையப் புதையத் தள்ளி ரோட்டுக்கு ஏற்றினோம். அங்கே ஒரு இருமல் இருமிப் பிடித்துக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் உச்சி வெயிலில் பாலத்தைப் பார்த்துப் போனாள். தேசப்பன் நூல்கண்டைக் கையில் பிடித்தபடி ரோட்டோரத்தில் நின்றார். மூச்சு வாங்கியது. கண்ணைப் பாலத்திலிருந்து எடுக்கவில்லை.

போனவள் வந்தாள். எங்கள் முன்னால் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"வருதுய்யா," என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு நூல்கண்டைச் சுருட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். மறுநாள் விடிகாலையில் ஏரியில் இறங்கினார். அன்றைக்கு காந்தாவின் கூடையில் முதலில் ஏறினது அவர் பொறியில் விழுந்த நண்டு.